தவணை குறையும் சரி, எந்தத் தேதியில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டி குறையும்போதெல்லாம் ‘கடன் தவணை குறையும்’ என்று தலைப்புச் செய்தி வருகிறது. எந்தத் தேதியிலிருந்து என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஓசூர் சிப்காட்டில் லேத் பட்டறை நடத்துபவருக்கும் பர்கூர் பக்கம் கிரானைட் அறுப்பவருக்கும் காசு மிஞ்சுவதும் போவதும் அந்தத் தேதியில்தான்.

குறு, சிறு நிறுவனங்களின் புதிய மிதவை வட்டிக் (ஏறி இறங்கும் வட்டி) கடன்களை ரெப்போ அல்லது டி-பில் எனப்படும் கருவூல உண்டியலின் (அரசின் குறுகியகாலக் கடன் பத்திரம்) வட்டி போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியை மாற்ற வேண்டும் என்பது 2019 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி. எந்த மூன்று மாதம் என்பதை விதி சொல்லவில்லை. 2025ஐயே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 9 அன்று ரெப்போ 6.25இலிருந்து 6.00 ஆனது. ஜூன் 6 அன்று 5.50 ஆனது. இருவருக்கும் ஒரே வங்கி, ஒரே ₹1 கோடி, காலாண்டு ரீசெட் (கடன் வட்டியை மாற்றியமைக்கும் நாள்) என்று வைப்போம். ஜூலை 1 ரீசெட் உள்ளவருக்கு ஜூன் குறைப்பு 25 நாளில் கிடைத்துவிடும். ஜூன் 1 ரீசெட் உள்ளவர் செப்டம்பர் 1 வரை காத்திருக்க வேண்டும். ஜூலை 1 முதல் அதுவரையான 62 நாளுக்கு அரை சதவீதம் கூடுதலாகக் கட்டுவது ₹8,493. ஏப்ரல் குறைப்பு அவருக்கு ஒரு மாதம் முன்பே வந்ததில் ₹2,055 மிச்சம். அதைக் கழித்தாலும் ₹6,438 நஷ்டம். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4.00இலிருந்து 6.50 வரை ஏறியபோது இதே கணக்கு தலைகீழாக நடந்தது.

பெரிய வங்கிகளுக்கும் இதே தலைவலி உண்டு, அளவுதான் வேறு. ஆயிரக்கணக்கில் வட்டி ஸ்வாப் (நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம்) வைத்திருக்கும் ஒரு டீலர் வங்கியின் மொத்தக் கணக்கு சமநிலையில்தான் இருக்கும். ஆனால் தேதிவாரியாகப் பிரித்தால், ₹100 கோடி அசலுக்கு 12ஆம் தேதி நிர்ணயமாகும் வட்டி வரவேண்டியிருக்கும், இன்னொரு ₹100 கோடி அசலுக்கு 15ஆம் தேதி நிர்ணயமாகும் வட்டியைத் தரவேண்டியிருக்கும். நடுவில் 13ஆம் தேதி மத்திய வங்கி கால் சதவீதம் மாற்றினால், 91 நாள் வட்டிக்கு ₹6.23 லட்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இதைச் சரிசெய்யவே பெரிய தரகு நிறுவனங்களின் தனித் தளங்கள் வந்தன. ஐகேப் நிறுவனத்தின் ரீசெட், டல்லட் பிரெபானின் டிபி மேட்ச் ஆகியவை அப்படி வந்தவை.

அவற்றின் வேலைமுறை ஏலம் போன்றதல்ல. குறித்த நேரத்துக்குள் ஒவ்வொரு வங்கியும் தன் தேதிவாரி ஏற்றத்தாழ்வைப் பட்டியலாக அனுப்பும். வட்டிக்கான நடுவிலையைத் தளமே நிர்ணயிக்கும், பேரம் கிடையாது. பிறகு கணினி, 12ஆம் தேதி உபரி உள்ள வங்கியை அதே தேதியில் பற்றாக்குறை உள்ள வங்கியோடு சேர்த்து, எஃப்ஆர்ஏ எனப்படும், வருங்கால வட்டியை இன்றே உறுதிசெய்யும் முன்வட்டி ஒப்பந்தங்களாக மாற்றிக் கொடுக்கும். யாருடைய மொத்த வட்டி அபாயமும் கூடாது, குறையாது. தேதிகள் மட்டும் இடம் மாறும். கட்டணம் பொருந்திய தொகையின் மீதுதான்.

இதில்தான் போட்டி வினையாகிறது. பொருத்தம் கிடைப்பது கூட்டத்தைப் பொறுத்தது. இராயக்கோட்டைத் தக்காளி மண்டி ஒரே நாளில் இரண்டு இடத்தில் கூடினால், பாதி வியாபாரி அங்கே, பாதி வியாபாரி இங்கே, இரண்டிலும் சரக்கு தேங்கும். ரீசெட் தளங்களின் நிலையும் அதுதான். தன் 12ஆம் தேதி உபரியைப் பாதி இங்கும் பாதி அங்கும் போடும் வங்கிக்கு இரண்டு இடத்திலும் மிச்சம் நிற்கும். முழுத் தொகையையும் இரண்டு இடத்திலும் போட்டால் இரண்டிலும் பொருந்தி, இல்லாத அபாயத்தைப் புதிதாக வாங்கிக்கொள்ள நேரும்.

வெளிநாட்டு ஃபியூச்சர்ஸ் (வருங்காலத் தேதிக்கான விலையை இன்றே பேசும் ஒப்பந்தம்) சந்தைகளிலும் இதைப் பார்த்தாயிற்று. லண்டன் பங்குச்சந்தை குழுமம் 2016இல் தொடங்கிய கர்வ்குளோபல் என்ற வட்டி ஃபியூச்சர்ஸ் சந்தை, குறைந்த கட்டணத்தை நம்பி வந்து, 2022 ஜனவரியில் மூடப்பட்டது. டாலர் வட்டியில் சிகாகோவின் சிஎம்இ சந்தையை எதிர்த்து எஃப்எம்எக்ஸ் என்ற புதிய சந்தை 2024 செப்டம்பரில் சோஃபர் (டாலரின் ஒருநாள் வட்டி அளவுகோல்) ஃபியூச்சர்ஸ் தொடங்கியது. அதன் ஆயுதம் கட்டணம் மட்டுமல்ல. அதன் கிளியரிங், அதாவது நடுவில் நின்று கணக்குத் தீர்க்கும் வேலை, லண்டன் எல்சிஎச் நிறுவனத்தில் நடக்கிறது. அங்கே ஏற்கெனவே கிடக்கும் ஸ்வாப்களோடு மார்ஜினை (பிணையாகக் கட்டும் தொகை) கழித்துக்கொள்ளலாம் என்பதுதான் வங்கிகளுக்கு அது காட்டும் ஆசை. தரகை விட மார்ஜினில் முடங்கும் பணம்தான் பெரிய செலவு என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

லண்டன் வங்கிகளுக்கிடையிலான வட்டி அளவுகோலான லைபார் ஒழிந்ததும் இந்தத் தேதி பொருத்தும் தொழில் சுருங்கியது. டாலர் லைபார் 2023 ஜூன் 30 அன்று முடிந்தது. மூன்று மாத வட்டியை ஒரே நாளில் நிர்ணயித்த பழக்கம் போய், சோஃபர், சோனியா (பவுண்டுக்கானது) போன்ற ஒருநாள் வட்டிகளைத் தினமும் கூட்டிப் பெருக்கும் முறை வந்தது. ஒரு தேதியின் மீது மொத்தச் சுமையும் விழுவதில்லை. மும்பை வங்கிகளுக்கிடையிலான வட்டியான மைபார் மீதான நம் ஊர் ஸ்வாப்பும் ஒருநாள் வட்டிதான். வேடிக்கை என்னவென்றால், தேதி அபாயத்தைத் தாங்கத் தெம்புள்ளவர்களிடமிருந்து அது விலகிவிட்டது. ₹40 லட்சம் டேர்ம் லோன் வைத்திருப்பவரிடம் அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் இதற்கென்று ஒரு சரக்கு வந்ததுண்டு. 2011 ஜூலையில் தேசியப் பங்குச்சந்தை 91 நாள் டி-பில் ஃபியூச்சர்ஸைத் தொடங்கியது. ஒரு லாட் ₹2 லட்சம் முகமதிப்பு, வட்டி 0.01 சதவீதம் அசைந்தால் லாட்டுக்கு ₹5. டி-பில் இணைப்புள்ள ₹1 கோடிக் கடனுக்கு 50 லாட் விற்றால், வட்டி ஏறும்போது இதன் விலை இறங்குவதால், கால் சதவீத உயர்வில் ₹6,250 வரும். கடனில் கூடும் 91 நாள் வட்டி ₹6,233. கையுறை போலப் பொருந்தும் சரக்கு. ஆனால் வணிகம் நிலைக்கவில்லை. வட்டி ஏறுமென்று பயந்து விற்பவர் இருந்தால், எதிரே வாங்குபவரும் அன்றே இருக்க வேண்டும். அவரை வரவழைக்க யாரும் மெனக்கெடவில்லை. 2014 ஜனவரியில் பத்தாண்டுப் பத்திர ஃபியூச்சர்ஸை மூன்று பங்குச்சந்தைகள் ஒரே மாதத்தில் தொடங்கிப் போட்டி போட்டன. நீண்டகாலப் பத்திரத்தின் மேல் எல்லாருக்கும் கண். காலாண்டு ரீசெட்டுக்குத் தேவையான குறுகிய வட்டியை விட்டுவிட்டார்கள். சிசிஐஎல் எனப்படும் இந்தியக் கிளியரிங் கழகத்தின் துணை நிறுவனமான கிளியர்கார்ப் 2015இல் கொண்டுவந்த ஆஸ்ட்ராய்டு தளம் முகம் காட்டாமல் ஸ்வாப் வணிகம் செய்ய உதவுகிறது. அதில் சிறுதொழிலுக்கு இடமில்லை.

மாங்கூழ் ஆலைகளின் கணக்கு இன்னும் சிக்கலானது. கூழுக்கான தோத்தாபுரி மாம்பழ வரத்து ஜூன், ஜூலையில் உச்சம். அப்போது பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முந்தைய கடன்) முழுவதும் இழுக்கப்பட்டு, டிரம்கள் கப்பலேற ஏற, மார்ச்சுக்குள் வடியும். ஆகவே காப்பு (வட்டி மாற்றத்தால் வரும் நஷ்டத்தைத் தடுக்கும் ஒப்பந்தம்) எடுக்க வேண்டியது சாங்ஷன் லிமிட்டுக்கு, அதாவது வங்கி அனுமதித்த உச்சத் தொகைக்கு அல்ல, ரீசெட் நாளில் நிற்கும் பாக்கிக்கு. ஜூலை 1 ரீசெட்டில் ₹4 கோடி நின்றால், அரை சதவீத மாற்றம் அந்தக் காலாண்டில் ₹50,400. ஜனவரி 1இல் ₹1 கோடிதான் நிற்கிறதென்றால் பொருட்படுத்தத் தேவையில்லை. லிமிட்டை வைத்து நான்கு காலாண்டுக்கும் ஒரே அளவில் காப்பு எடுப்பது பாதி வருடத்துக்குச் சூதாட்டம்.

டாலரில் கடன் வாங்கும் ஏற்றுமதியாளர் ‘டேர்ம் சோஃபர்’ (தவணைக் காலத் தொடக்கத்திலேயே நிர்ணயமாகும் சோஃபர்) என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் டெரிவேட்டிவ்களை (அந்த வட்டியைச் சார்ந்த ஸ்வாப் போன்ற ஒப்பந்தங்கள்) டீலர் வங்கிகள் தங்களுக்குள் கைமாற்ற வேண்டாம் என்பது அமெரிக்க மாற்று வட்டிக் குழுவின் பரிந்துரை. எனவே வாடிக்கையாளரிடமிருந்து வரும் அபாயம் டீலரிடமே தேங்குகிறது. தேங்கும் செலவு நமக்குச் சொல்லும் விலையில் ஏறிவிடும். எத்தனை தளம் போட்டி போட்டாலும் இந்த இடத்தில் விலை இறங்காது.

இப்போதைக்குச் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாங்ஷன் லெட்டரை எடுத்து ஒவ்வொரு கடனுக்கும் அளவுகோல், ரீசெட் தேதி, அன்று நிற்கக்கூடிய பாக்கி மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பக்கத்தில் ரிசர்வ் வங்கி நிதிக் கொள்கைக் குழுவின் கூட்டத் தேதிகளைக் குறியுங்கள். நிதியாண்டுத் தொடக்கத்திலேயே அவை வெளியாகிவிடும். எல்லாக் கடனும் ஒரே நாளில் ரீசெட் ஆனால், புதுப்பிக்கும்போது ஒன்றை அடுத்த மாதத்துக்கும் இன்னொன்றை அதற்கடுத்த மாதத்துக்கும் நகர்த்தக் கேளுங்கள். மூன்றாகப் பிரிந்தால் ஒரே அறிவிப்பில் மொத்தமும் மாட்டாது. வங்கியில் டெபாசிட் இருந்தால் அதன் முதிர்வையும் ரீசெட் தேதியோடு ஒட்டி வையுங்கள். வட்டி ஏறினால் புதுப்பிக்கும் டெபாசிட்டிலும் கூடுதல் வரும்.

வங்கியிடம் எஃப்ஆர்ஏ, வட்டி உச்சவரம்பு கேட்பவர்களுக்கு: ரிசர்வ் வங்கி விதிப்படி சிறு பயனாளரும் தன் அபாயத்தைக் காக்க எளிய வட்டி டெரிவேட்டிவ் எடுக்கலாம். எல்இஐ எண் (நிறுவன அடையாள எண்), இஸ்டா ஒப்பந்தம் (டெரிவேட்டிவ்களுக்கான பொது ஒப்பந்தம்), தனி லிமிட் எல்லாம் கேட்பார்கள். தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். கடன் ரெப்போவில், காப்பு மைபாரில் இருக்கும். கடன் 1ஆம் தேதி ரீசெட், காப்பு 15ஆம் தேதி நிர்ணயமாகும். கடனை முன்கூட்டியே அடைத்தபின் காப்பு மட்டும் அநாதையாக நிற்கும். அறிவிப்பு வந்தபின் காப்பு வாங்குவதும் வீண். எதிர்பார்த்த மாற்றம் ஸ்வாப் விலையில் முன்பே ஏறியிருக்கும். ‘பிரீமியமே வேண்டாம்’ என்று விற்கும் காலர் (வட்டிக்கு மேல், கீழ் வரம்பு இரண்டும் கட்டும்) ஒப்பந்தத்தில் நாம் எதை எழுதிக்கொடுக்கிறோம் என்று பாருங்கள். 2008ஐ ஒட்டி திருப்பூரில் செலாவணி டெரிவேட்டிவ்கள் செய்த சேதம் இந்தப் பக்கம் மறக்கப்பட்டுவிட்டது போலும்.

ரிசர்வ் வங்கி செய்ய வேண்டியது புதிதல்ல. டாலர் வாங்கும் சாதாரண வாடிக்கையாளருக்காக 2019 ஆகஸ்டில் எஃப்எக்ஸ்-ரீடெய்ல் என்ற இணையத் தளம் வந்தது. ஆர்டர் முகம் தெரியாமல் பொருந்துகிறது, வங்கிக் கட்டணம் தனியாகத் தெரிகிறது. கிளைகளில் தானாக எடுத்துச் சொல்பவர் அரிது என்பது வேறு விஷயம். அதே வடிவில் மூன்று மாத வட்டிக்கு ஒரு ரீசெட் சாளரம் வேண்டும். லாட் ₹10 லட்சம் போதும். நிர்ணயத் தேதிகள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் வேலைநாள் என்று நான்குதான். வங்கிகளும் கடனை அந்தத் தேதிகளோடு ஒட்டிக் கொடுக்க முன்வர வேண்டும். கிளியரிங் முழுவதும் சிசிஐஎல்லிடம் ஒரே இடத்தில், ஆர்டர் குவியலும் ஒன்று. அதற்கு வாசல் திறக்கும் தளங்கள் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும், கட்டணத்திலும் தமிழில் பேசும் சேவையிலும் போட்டி போடட்டும். ஆர்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு போட்டி போட அனுமதித்தால், டி-பில் ஃபியூச்சர்ஸ் போன வழியில்தான் இதுவும் போகும்.

சாளரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மிதவை வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால், குறு, சிறு நிறுவனங்களிடம் பெரும்பாலான வணிக வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது. கேஷ் கிரெடிட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தான் போகிறோம். அப்போது வட்டி விகிதத்தில் 0.10 குறைக்கக் கேட்பதோடு நிற்காமல், ரீசெட் தேதியையும் எழுத்தில் கேட்க வேண்டும். மறுத்தால் வேறு வங்கிக்குப் போவதற்கு இனி அபராதம் தடையில்லை என்பது கிளை மேலாளருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
சிறுதொழில் கடன் ஆலோசகர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்