டைம் ஸ்லிப்பில் பெயர் வராதவர்களுக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வேகப் பந்தயம் நடக்கும் பானவில் உப்புவெளியில் பழைய ஃபோர்டு வண்டிகளை ஓட்டும் எங்கள் குழுவின் நன்றி மடல் இது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தரும் டைம் ஸ்லிப் என்ற சீட்டில் வண்டி எண், வகுப்பு, வேகம் இவைதான் வரும். அந்த வேகம் யார் யார் கையால் வந்தது என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் மெஷின் ஷாப்காரர்கள். வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் பழைய ஃபோர்டு இன்ஜினான ஃபிளாட்ஹெட் வி8-இல் எக்ஸாஸ்ட் பிளாக்குக்குள்ளேயே தண்ணீர்ப் பாதையை ஒட்டித்தான் வெளியேறும். ஒவ்வொரு வரிசையிலும் நடு இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே வழி. சூடு அங்கே கட்டும், வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரை விரிசல் ஓடும். அதனால்தான் போரிங் போடும் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும்) முன்பே காந்தத்தூள் சோதனையும் பிரஷர் டெஸ்ட்டும் செய்து, “இந்த பிளாக் தேறாது” என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். 3 5/16 அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்றால் இன்ஜின் கொள்ளளவு 276 கன அங்குலம். ஆசை யாருக்கும் வரும். வார்க்கும்போது கோர் (உள் வெற்றிடத்துக்கான மணல் அச்சு) நகர்ந்திருந்தால் சிலிண்டர் சுவர் ஒரு பக்கம் தகடாகிவிடும். அல்ட்ராசோனிக் கருவியால் சுற்றிலும் அளந்த பிறகே கட்டர் இறங்க வேண்டும். தண்ணீர்ப் பாதையில் வார்த்த நாளிலிருந்து ஒட்டிக்கிடந்த மணலையும் கோர்க் கம்பித் துண்டுகளையும் வளைந்த கம்பி விட்டுக் கிளறி எடுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. சூடேறினால் ரேடியேட்டரைத் திட்டுகிறவர்கள் முதலில் அங்கே பார்க்கட்டும்.

கார்புரேட்டர் பார்த்தவர்களுக்கு அடுத்து. உப்புவெளி சுமார் 4,200 அடி உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் மதியத்தில் காற்று இன்னும் மெலியும். கடல் மட்டத்தில் சரியாக ஓடிய ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளை) அங்கே பெட்ரோலைக் கொட்டும். ஸ்ட்ரோம்பர்க் 97 கார்புரேட்டருக்கு 0.045 அங்குல மெயின் ஜெட் என்றால், 0.043 போட்டுத் தொடங்கலாம். மீதியை ஸ்பார்க் பிளக்கின் நிறம் சொல்லும், ஆனால் மைல் முடிந்ததும் முழு த்ராட்டிலிலேயே இக்னிஷனை அணைத்து, கிளட்சை மிதித்து உருண்டு வர வேண்டும். ஐடிலில் ஓட்டி வந்த பிளக்கைப் பார்த்து ஜெட் மாற்றுவது வீண் வேலை.

கியர் கணக்குப் போட்டுத் தந்தவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஆர்பிஎம்மை டயர் விட்டத்தால் (அங்குலத்தில்) பெருக்கி, ரியர் ஆக்சில் விகிதத்தாலும் 336-ஆலும் வகுத்தால் டாப் கியரில் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 5,000 ஆர்பிஎம், 28 அங்குலம், 3.00 என்றால் 139. ஸ்லிப்பில் 130 வந்தால் டயர் ஆறரை சதவீதம் வழுக்குகிறது. அதற்கு மருந்து குதிரைசக்தி இல்லை, பின் ஆக்சில் மேல் ஈயம். அதுவும் போல்ட் போட்டு இறுக்கிய ஈயம்.

பந்தயத்தை நடத்தும் எஸ்சிடிஏ (தெற்கு கலிஃபோர்னியா டைமிங் சங்கம்) தன்னார்வலர்கள் இல்லாவிட்டால் பாதையே இல்லை. உப்பை இழுத்துச் சமன் செய்வது, கோடு போடுவது, டைமிங், தீயணைப்பு எல்லாம் அவர்கள் பாடு. வரிசையில் நிற்கும்போது, பாராசூட்டையும் பெல்ட்டையும் விடாமல் இழுத்துப் பார்க்கும் இன்ஸ்பெக்டர்கள் மேல் எரிச்சல் வரும், பிறகு வராது. ரெக்கார்டைத் தாண்டிய வண்டி இம்பவுண்டுக்கு (வண்டிகளைக் காவலில் நிறுத்தும் இடம்) போய், மறுநாள் காலை இன்னொரு முறை ஓடி, இரண்டின் சராசரிதான் ரெக்கார்டாகும். அந்த விடியலில் எங்களுக்கு முன்பே எழுந்து வந்தவர்கள் நீங்கள்.

கடைசியாக, வண்டி கழுவியவர்கள். உப்பு ஈரமாக இருக்கும்போதே வெந்நீர் பட வேண்டும், காய்ந்தால் சிமென்ட். பாக்ஸ் செய்த (பெட்டிபோல் மூடிய) ஃபிரேமுக்குள், பிரேக் டிரம்மில், எர்த் ஒயர் முனைகளில் ஒளிந்துகொள்ளும். அலுமினியமும் இரும்பும் சேரும் இடத்தை முதலில் தின்னும், மக்னீசிய வீல் என்றால் கேட்கவே வேண்டாம். ஃபிரேமின் அடி ஓட்டைகளில் ரப்பர் குழாயைச் சொருகி, வடியும் தண்ணீரை நாக்கில் தொட்டு, உப்புக் கரிப்பு போகும்வரை விடாமல் அடித்தவர்களே, கும்பிடு.

இரவல் தந்த ஈயக் கட்டிகளைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். போல்ட்டுகள் மட்டும் துருப்பிடித்துவிட்டன. புதிது போட்டுத் தருகிறோம்.