எட்டாம் அத்தியாயத்துக்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் நாவலின் ஏழு அத்தியாயங்களும் வந்து சேர்ந்தன. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். சரி, போகட்டும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எழுது.

அந்த மாளிகையும், இடுப்பில் சாவிக்கொத்தோடு நடமாடும் ஹவுஸ்கீப்பரும் கண்ணிலேயே நிற்கிறார்கள். அம்மா இரண்டு தடவை படித்துவிட்டாள்.

மூன்றாம் அத்தியாயம்தான் இடிக்கிறது. எலிக்கென்று கடையில் வாங்கிய வெள்ளைப் பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக்கை, பிரபுவின் பாலில் கலக்கிறாள், யாருக்கும் தெரியவில்லை என்கிறாய். கதை நடப்பது 1860-ல். இங்கிலாந்தில் 1851-லேயே ஆர்சனிக் சட்டம் வந்துவிட்டது. சில்லறையில் விற்கும் பாஷாணத்தில் பவுண்டுக்கு ஓர் அவுன்ஸ் புகைக்கரியோ அரை அவுன்ஸ் அவுரி நீலமோ கலந்திருக்க வேண்டும். பாலில் விழுந்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். பாலை எடுத்துவிட்டுக் கறுத்த இறைச்சிக் குழம்பாக்கு. கடைக்காரர் தேதி, பெயர், ஊர், எவ்வளவு, எதற்கு என்று எழுதிக் கையெழுத்தும் வாங்குவார். முன்பின் தெரியாத ஆளென்றால் இருவருக்கும் தெரிந்த சாட்சி வேண்டும். உன் துப்பறிவாளருக்கு அந்த நோட்டைவிட நல்ல பிடி கிடையாது.

ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் செய்யும் ரைன்ஷ் சோதனை சரி: சந்தேகப்படும் பொருளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துத் தாமிரத் தகட்டை விட்டால் கறுப்பாகப் படியும். ஆனால் தகடு கரைகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். 1859-ல் ஸ்மெதர்ஸ்ட் என்பவர் மேல் நடந்த நஞ்சுக் கொலை வழக்கில் ஆல்ஃபிரட் ஸ்வெயின் டெய்லர் அங்கேதான் சறுக்கினார். நஞ்சு விஷயத்தில் இங்கிலாந்தே நம்பிய மனிதர். ஒரு மருந்துப் புட்டியில் ஆர்சனிக் இருப்பதாகச் சொல்லிவிட்டார். புட்டியில் இருந்தது பொட்டாசியம் குளோரேட். அது அமிலத்தோடு சேர்ந்து அவருடைய தாமிர வலையையே கரைத்துவிட்டது. வெளியே வந்தது தாமிரத்துக்குள் கிடந்த ஆர்சனிக். வெறும் அமிலத்தில் தாமிரம் கரையாது, அதனால் அமிலத்தையும் தாமிரத்தையும் முன்கூட்டிச் சோதித்தாலும் அந்த ஆர்சனிக் பிடிபடாது. கோர்ட்டிலேயே ஒப்புக்கொண்டார். பத்திரிகைகளில் சிரிப்பாய்ச் சிரித்த வழக்கு, உன் டாக்டர் படிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

பதினொன்றாம் வகுப்பில் நீ காட்டிய கதை நோட்டிலும் நான் தப்புகளை மட்டும்தான் வட்டமிட்டுக் கொடுத்தேன். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு நீ எதையும் காட்டவில்லை. இத்தனை வருஷம் கழித்து அனுப்பியிருக்கிறாய், இப்போதும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். நன்றாயிருக்கிறது, பாப்பா.

சித்தி விசாரித்தாள். பழைய ஆபீசில்தான் இருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நானாக எதையும் கேட்கமாட்டேன். எட்டாவதையும் அனுப்பு. சாப்பிட்டுவிட்டு எழுது.

அப்பா