முட்டி வலிக்கு வந்தவருக்கும் நாடி பாருங்கள்

மருத்துவமனைகளின் இயன்முறை மருத்துவத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். முட்டி வலி, தோள் வலி என்று வருபவருக்கு நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்காமலே பயிற்சி தொடங்குவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. வார்டு நோயாளி என்றால், காலையில் செவிலியர் எழுதிவைத்த அளவே போதும் என்று விட்டுவிடுகிறோம். படுத்திருந்தபோது எடுத்த அந்த அளவை நம்பி ஒருவரை எழுப்பி நடத்தக் கூடாது. பயிற்சிக்கு முன், நடுவில், முடிந்த பின் என மூன்று கட்டங்களைச் சிகிச்சைக் குறிப்புத் தாளிலேயே அச்சிட்டுத் தாருங்கள்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், ஆட்காட்டி விரலும் நடுவிரலும் வைத்து நாடி பார்க்க மாணவர்களைப் பழக்குங்கள். கட்டைவிரலை வைத்தால் பார்ப்பவரின் துடிப்பே குழப்பும். சீரான துடிப்புக்கு 30 விநாடி எண்ணி இரட்டித்தால் போதும். தாளம் தவறினால் முழு 60 விநாடி. சாதாரண ஆக்சிமீட்டர் எண்ணைத்தான் காட்டும், தாளம் தவறுவதைச் சொல்லாது. விரலை எடுக்காமல் அப்படியே மூச்சையும் எண்ணிவிடலாம். சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சின் போக்கே மாறிவிடும்.

அழுத்த அளவு பிழையாவது பெரும்பாலும் நம் அவசரத்தால். மாடியேறி வந்தவரை உடனே அளப்பது, கையைத் தொங்கவிடுவது, பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டுவது எல்லாமே அளவைக் கூட்டிக் காட்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். அந்த நேரத்தில் வலியைப் பற்றி விசாரிக்கலாமே என்று தோன்றும்; வேண்டாம், பேச்சும் அளவை ஏற்றும். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்த இணைப்பு) வைத்த கையில் பட்டை கட்டவே கூடாது.

நெடுநாள் படுத்திருந்தவரை எழுந்து நிற்கவைக்கும்போது இரத்த அழுத்தத்தைப் படுக்கையில் ஒருமுறை, நின்ற 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் மறுபடியும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், தலைசுற்றல் இல்லை என்று அவர் சொன்னாலும் நடத்தாதீர்கள்.

அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுபவரின் நாடி உழைப்புக்கு ஏற்ப ஏறாது. நாடி அதிகபட்சம் எவ்வளவு ஏறலாம் என்று 220இலிருந்து வயதைக் கழித்துப் பார்க்கும் கணக்கு அங்கே உதவாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று, நோயாளியே எண்ணால் சொல்லும் போர்க் (Borg) அளவுகோலில் கேட்பதே வழி.

ஓய்விலேயே இரத்த அழுத்தம் 180/110ஐத் தாண்டியிருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். ஏற்றத்தைக் கண்டு பதறுகிற நாம் இறக்கத்தைக் கவனிப்பதில்லை. உழைப்பு கூடும்போது மேல் அளவு 10க்கு மேல் இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். இதயம் ஈடுகொடுக்கவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

ஒவ்வொரு சிகிச்சை அறைக்கும் பெரிய பட்டை ஒன்றும், ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே அந்த 5 நிமிட ஓய்வுக்கான நேரமும் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்