வெட்டவிடாமல் நின்றவருக்கும் ஒரு சால்வை

கிராம சபைக்கு வரும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

வரும் அக்டோபர் 2 கூட்டத்தில், ஊரின் மூத்த மரங்களையும் அவற்றைக் காத்தவர்களையும் மதிக்க ஒரு தீர்மானத்தை முன்மொழிய இருக்கிறேன். குடிநீர், தெருவிளக்கு, வீட்டுவரி என்று பேசி முடிப்பதற்குள் உச்சிவெயில் ஏறிவிடும். ஆகவே காரணத்தை முன்னதாகவே எழுதிவிடுகிறேன்.

மரக்கன்று நடுகிறவர்களை நாம் குறைவில்லாமல் பாராட்டுகிறோம். அது நல்லதுதான். ஆனால் நம் தாத்தா காலத்து மரத்தை வெட்டவிடாமல் மறித்து நின்றவருக்கு இந்த ஊர் இதுவரை என்ன செய்திருக்கிறது?

பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதனடியில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, ஆணி அடித்து விளம்பரத் தட்டி மாட்ட வந்தவர்களை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்! மரத்தடியில் குப்பையைக் கொளுத்தியபோது, கடைக்கு வைத்திருந்த குடத்துத் தண்ணீரைக் கொட்டி அணைத்தவர் அவர். அடிப்பட்டை சுற்றிலும் வெந்துவிட்டால் மரம் நின்றபடியே பட்டுப்போகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. சிமெண்ட் தளம் போட்டபோது, வேருக்கு மழைநீர் இறங்க இடம் விடுங்கள் என்று வாதாடியதும் அவர்தான். நம்மில் எத்தனை பேருக்கு அவருடைய பெயர் தெரியும்?

அந்த மரத்துக்கும் பெயர் கிடையாது. சுண்ணாம்புப் பட்டையின்மேல் ஓர் எண் மட்டும் இருக்கிறது. புளி மகசூலை ஏலம் விடவும், சாலையை அகலப்படுத்தும்போது வெட்டுக்கணக்கு எழுதவும் அந்த எண் போதும். கோயில் தல விருட்சத்தைத் தொட எவருக்கும் துணிச்சல் வருவதில்லை. அதற்குப் பெயர் இருக்கிறது, கதை இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. சாலையோரப் புளிக்கும் குளக்கரை இலுப்பைக்கும் அந்த மரியாதையை நாமே கொடுக்கலாம்.

ஹரியானாவில் 75 வயதைக் கடந்த மரத்தைப் பராமரிப்பவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். மகாராஷ்டிரத்தில் 2021-இல் சட்டத்தைத் திருத்தி, நகரங்களில் 50 வயதான மரங்களைப் பாரம்பரிய மரங்களாக ஏற்றார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியின் கோயில்காடு 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சாமிக்குப் பயந்தோ, மரத்தின்மேல் பாசம் வைத்தோ ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவைக்காமல் விட்டதால்தான், அறிவிப்பதற்கு அங்கே ஒரு காடு மிஞ்சியிருந்தது.

நான் கேட்பது பணமல்ல. ஊரின் மூத்த மரங்களைப் பெரியவர்களிடம் விசாரித்து, பெயர், சுற்றளவு, கதையோடு எழுதுவோம். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஊரின் மரம், செடி, உயிரினங்களைக் குறித்து வைக்கவேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அவற்றைச் சேர்ப்போம். மரத்தில் ஆணி அடிக்காமல், பக்கத்தில் கல் நட்டுப் பெயரைப் பொறிப்போம். எந்த மரத்துக்கு வெட்டு உத்தரவு வந்தாலும் முதலில் ஊர் கூடிப் பேசவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, காத்தவர் ஒருவரைச் சபையில் அழைத்து உட்காரவைத்துச் சால்வை போர்த்துவோம்.

முதல் ஆளாக டீக்கடை அக்காவின் பெயரைச் சொல்வேன். கடையை அடைத்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன்; அன்றைய வியாபாரம் போய்விடுமே என்று தயங்குகிறார். அவர் வந்து அமரும்போது, உங்களில் யாராவது எழுந்து வழிமொழியுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்