உம்முடைய மகளின் பயிற்சி பற்றி

அன்பின் யோகராணிக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே மொன்றியலில் பொதி செய்யும் தொழிற்சாலையில் நிற்கும் உம்முடைய மகள், நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் உதவியாளராகப் பயில விரும்புவதையும், பட்டம் படித்த பிள்ளை பிறருடைய மலசலம் துடைப்பதா என்று நீர் மனம் நோவதையும் கடிதத்தில் வாசித்தேன். அதே வேலையைச் செய்பவள் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

2020 வசந்தத்தில் கொரோனா முதியோர் இல்லங்களுக்குள் புகுந்து, பணியாளர்கள் நோயுற்றும் அஞ்சியும் விலகியபோது, படுக்கையில் கிடந்தவர்களுக்கு உணவூட்டவும் ஆளில்லாமல் கனேடிய இராணுவத்தினரை அனுப்ப வேண்டியதாயிற்று. அதன் பின்னரே எங்கள் கியூபெக் மாகாண அரசு, படிக்கும்போதே மணிக்கு 21 டொலர் கொடுத்து 10,000 பேரைப் பயிற்றுவிப்பதாக அறிவித்தது. வழக்கமாக 870 மணித்தியாலம் நீளும் படிப்பை 375 ஆகச் சுருக்கினார்கள். முடித்தவர் ஒரு வருடமாவது முழுநேரமாக வேலை செய்யவேண்டும், இடையில் விட்டால் பெற்ற பணத்தைத் திருப்பவேண்டும் என்பது நிபந்தனை. நானும் அப்படித்தான் சேர்ந்தேன். வாடகை கட்டிக்கொண்டு சம்பளமில்லாமல் மூன்று மாதம் வகுப்பில் இருக்க என்னால் எந்தக் காலத்திலும் முடிந்திராது.

பயிற்சியில் பெரும்பகுதி உடலைப் பற்றியதே. பாரிசவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்கவேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவேண்டும். தானாகப் புரள முடியாதவரை நேரம் தவறாமல் புரட்டிவிடாவிட்டால் படுக்கைப்புண் வரும். விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரையும் தடிப்பாக்கி, நிமிர்த்தி இருத்தியே பருக்கவேண்டும். நீர் சொல்லும் அந்தத் துடைப்பும் இதில் அடக்கம்; தொற்று வராமலும், கிடப்பவருக்குக் கூச்சம் வராமலும் அதைச் செய்வதற்குப் பழக்கம் வேண்டும். எங்கள் அம்மம்மாவைக் கடைசிக் காலத்தில் பெரியம்மா பார்த்தபோது யாரும் அதை இழிவாக எண்ணவில்லையே. கூலி வாங்கிச் செய்தால் மட்டும் ஏன் இழிவாகிறது?

ஆனால் சுருக்கிய படிப்பில் ஒரு குறை இருந்தது. மறதிநோய் முற்றியவர்களோடு எப்படிப் பழகுவது என்பதற்கு ஒதுக்கிய நேரம் எனக்குப் போதவில்லை. குளிக்க வைக்கப் போகும்போது அந்நியர் ஒருவர் உடுப்பைக் களைகிறார் என்று அஞ்சி அடிக்கும் முதியவரை, அவசரப்படாமல், பெயர் சொல்லி அழைத்து, முகம் துடைக்கும் துவாயை அவர் கையிலேயே கொடுத்து வழிக்குக் கொண்டுவரும் வித்தையை, எங்கள் இல்லத்தில் நெடுங்காலம் வேலை செய்த ஹெயிட்டி நாட்டுப் பெண்களிடமே கற்றேன்.

மகளுக்குச் சொல்லவேண்டியது இது. அந்த ஊதியப் பயிற்சி பெருந்தொற்றுக் காலத்து ஏற்பாடு; இப்போது என்ன உதவி கிடைக்கிறது, எத்தனை காலம் கட்டுப்பட வேண்டும் என்பதைக் கையெழுத்திடுமுன் விசாரிக்கட்டும். வகுப்பு அநேகமாகப் பிரெஞ்சில் நடக்கும். முதியவர் வலியைச் சொல்வதும் பெரும்பாலும் அந்த மொழியிலேயே என்பதால், முதலில் அதைத் திருத்தமாகப் படிக்கட்டும். இடுப்பு நோவும் வார இறுதி வேலையும் இருக்கவே செய்யும். அடுத்த ஞாயிறு எனக்கு ஓய்வு. அவளை வீட்டுக்கு வரச் சொல்லும், என் பாடக் குறிப்புகளையும் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மலர்