விடையை முதலிலேயே அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்தில் நீங்கள் போடும் 'தெரியுமா உங்களுக்கு?' கட்டம் எங்கள் வீட்டில் அரை நிமிடம்கூடத் தாங்குவதில்லை. கேள்வியும் பதிலும் அடுத்தடுத்த வரியில் இருந்தால் பிள்ளை எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறது?

ஒரு யோசனை. மத்தியானம் 12 மணிக்குச் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும் என்றுதான் பெரியவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் வருடத்துக்கு இரண்டே நாள்தான் அப்படி வருகிறது, சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். அன்று 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில் மொட்டைமாடியில் ஒரு பிவிசி குழாய்த் துண்டை நிமிர்த்தி வைத்தால் வெளியே நிழலே இருக்காது, குழாய்க்குள் வெயில் தரை வரை இறங்கி வட்டமாகக் கிடக்கும் (மேலே தலையை நீட்டினால் நம் தலையே மறைத்துவிடும், கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும்). கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10 வாக்கிலேயே நடந்துவிடும், அங்கிருந்து ஊர் ஊராக வடக்கே ஏறிச் சென்னைக்கு வர இரண்டு வாரம் ஆகிறது. டெல்லிக்குப் போவதே இல்லை! அப்புறம் ஆகஸ்ட் வரை சென்னையில் மத்தியான நிழல் தெற்குப் பக்கம் விழும். இதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. காலையிலோ சாயங்காலமோ போய் நின்றால் தெரியும், நன்றாகவே விழுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் நிழல் இல்லாத அதே நாள் மத்தியானம் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் நிழல் விழும். கணக்குப் போட்டால் அங்கே வெயில் 5 டிகிரி சாய்ந்து விழுகிறது; இரண்டு ஊருக்கும் நடுவில் பூமி வளைவதும் அவ்வளவுதான், அதாவது முழு வட்டத்தில் 72-ல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக நேர்க்கோட்டில் சுமார் 555 கி.மீ. இருக்கிறது, அதை 72-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, கிட்டத்தட்ட 40,000 கி.மீ.! எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு ஊர்களை வைத்து இதே வழியில்தான் பூமியை அளந்தார். நம் இரண்டு ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு குச்சியும் ஸ்கேலும் போனும் வைத்துக்கொண்டு செய்துவிடலாம்.

ஆகவே வரும் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நாளையும் நேரத்தையும் மட்டும் போடுங்கள், என்ன ஆகும் என்று எழுதாதீர்கள். பிள்ளைகள் அளந்து அனுப்புவதை மே மாதம் வெளியிடுங்கள், தப்பாக அளந்ததையும் சேர்த்து.

அதோடு இந்தக் கேள்வியையும் விடையில்லாமல் போடலாம்: ஏப்ரலிலேயே சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிடுகிறதே, கத்திரி வெயில் மட்டும் ஏன் மே மாதம் வருகிறது?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
செங்கல்பட்டு