வெளிச்சம் கடைசியில் வரட்டும்

அன்புள்ள நண்பா,

நீர்வண்ணத்திலிருந்து எண்ணெய் வண்ணத்துக்கு வந்துவிட்டாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் இப்போது ஒரு ஸ்டில் லைஃபில்தான், அதாவது அடுக்கிவைத்த பொருட்களைப் பார்த்து வரையும் படத்தில்தான், மூழ்கிக் கிடக்கிறேன்: செம்புப் பாத்திரம், இரண்டு எலுமிச்சை, மடிப்பு விழுந்த வெள்ளைத் துணி.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். நீர்வண்ணத்தில் தாளின் வெள்ளையைக் காப்பாற்றிக்கொண்டே இருட்டை நோக்கிப் போவாய். இங்கே அது தலைகீழ். நான் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை டர்பென்டைனில் நீர்க்கக் கலந்து கான்வாஸ் முழுக்கப் பூசி, துணியால் துடைத்துவிடுவேன். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். அப்புறம் அதே பழுப்பால் நிழல்களை மட்டும் வைப்பேன்.

இந்தக் கட்டத்தில் அவசரமே வேண்டாம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பாத்திரத்தின் இருண்ட பக்கமும், அது மேசையில் போடும் நிழலும் ஒன்றாகக் கலந்து தெரியும். ஒன்றாகவே வரை, நடுவே விளிம்பைத் தேடாதே. படத்தின் தலையெழுத்து இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பேன். நிறம் கொஞ்சம் பிசகினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். ஒளியும் நிழலும் பிசகினால் எலுமிச்சை வெறும் மஞ்சள் வட்டம்தான்.

நிறம் ஏற்றும்போது ஒரு விதி. ஒவ்வொரு பூச்சிலும் முந்தையதைவிடச் சற்று அதிகமாக ஆளிவிதை எண்ணெய் இருக்க வேண்டும். இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துத்தான் இறுகுகிறது. அடியில் எண்ணெய் மிகுந்தால், மேல்பூச்சு முந்திக் காய்ந்து பிறகு விரிசல் விடும். எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டிப் போடாதே. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிடு.

மினுக்கு, அதாவது ஒளி பட்டுப் பளிச்சிடும் இடம், கடைசியில், கெட்டியாக, ஒரே தொடுகையில். எலுமிச்சையின் மினுக்கில் விளக்கின் நிறம்தான் தெரியும். செம்பின் மினுக்கிலோ செம்பின் நிறமே ஏறும், அங்கே சுத்த வெள்ளை வைத்தால் உலோகம் செத்துவிடும். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஷார்தானின் செம்புப் பாத்திரங்களை நிதானமாகப் பார், புரியும்.

படம் முடிந்ததும் மேலே பூசும் வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறு. பூச்சு தடிமன் என்றால் ஒரு வருடம்கூட.

சரி, நீ என்னென்ன பொருட்களை அடுக்கியிருக்கிறாய்? கறுப்பு வெள்ளையில் ஒரு புகைப்படம் அனுப்பு. நிழல்களைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
உன் நண்பன்